புத்தகத்தை மூடினால் ஒன்றும் வருவதில்லை: ஒரு மாணவியின் படிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

"படிக்காம ஃபெயில் ஆனா திட்டலாம், இவ படிச்சுப் படிச்சே ஃபெயில் ஆகுறா." அவளுடைய அம்மா என்னிடம் முதலில் சொன்னது இதுதான். கல்லூரி முதலாண்டு, உயிரியல் மாணவி, முதல் பருவத்தில் மூன்று தாளில் தோல்வி. ஒரு நாளைக்கு ஐந்து ஆறு மணி நேரம் மேசையை விட்டு எழுவதில்லை, போனைக்கூட அம்மாவிடம் கொடுத்துவிடுகிறாள், அப்புறமும் இந்த நிலைமை. நான் பல வருடங்களாக மாணவர்களுக்குத் தனியாகப் பாடம் சொல்லித் தருகிறேன். படிக்காமல் தோற்கிறவர்களைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை, காரணம் எல்லாருக்கும் தெரியும், அவர்களுக்கே தெரியும். உழைத்துத் தோற்கிறவர்கள் விஷயம் அப்படியில்லை. அவர்களுக்குக் கிடைக்கிற ஒரே ஆலோசனை "இன்னும் நல்லாப் படி" என்பதுதான், அதைத்தான் அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள்.

அதனால் இந்த ஒரு மாணவியோடு ஏழு மாதம் என்ன செய்தோம், எது பலித்தது, நான் எங்கே சறுக்கினேன் என்று முழுசாக எழுதிவைக்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம், கல்லூரி வேண்டாம் என்றாள், சரி.

முதல் வாரம்: குறுக்கிடாமல் பார்த்தது

முதல் நாள் நான் எதுவும் சொல்லித் தரவில்லை. "நீ வழக்கமா எப்படிப் படிப்பியோ அப்படியே படி, நான் சும்மா உட்கார்ந்திருக்கேன்" என்றேன். சிறுநீரகப் பாடத்தை எடுத்தாள். மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று மூன்று ஹைலைட்டர்கள், அவற்றுக்கென்று ஒரு கணக்கு: வரையறைக்கு மஞ்சள், முக்கியமானதற்குப் பச்சை, மிக முக்கியமானதற்கு இளஞ்சிவப்பு. முதல் தடவை படித்தபோது மஞ்சள் போட்டாள், இரண்டாவது தடவையில் மற்ற இரண்டும், மூன்றாவது தடவை உதட்டை அசைத்துக்கொண்டே படித்தாள். அப்புறம் ஒரு நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தலைப்புகளுக்கு நீல மை, உள்ளே கறுப்பு மை என்று புத்தகத்திலிருந்ததைச் சுருக்கி எழுதினாள். அச்சடித்த மாதிரி கையெழுத்து. இரண்டேகால் மணி நேரம் ஆனது, ஒரு நிமிடம்கூட அவள் சோம்பவில்லை.

நோட்டையும் புத்தகத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தேன். சிறுநீர் எப்படி உருவாகிறது, உனக்குத் தெரிந்ததை எழுது. நெஃப்ரான், குளோமருலஸ், பௌமானின் கிண்ணம், ஹென்லே வளைவு, சேகரிப்பு நாளம் என்று பெயர்கள் வரிசை தப்பாமல் வந்துவிட்டன. படமும் போட்டாள். சரி, நல்லதுதான். பிறகு இப்படிக் கேட்டேன்: இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன, ஆனால் ஒருவருக்கு ஒரு நாளில் வெளியேறும் சிறுநீர் ஒன்றரை லிட்டர் அளவில்தான், மிச்சம் எங்கே போகிறது?

ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவள் சொன்ன பதிலை நான் அன்றைக்கே குறித்துவைத்தேன்: "அக்கா, அது புத்தகத்துல இருக்கு. வலது பக்கம், கீழே, பச்சை போட்டிருக்கேன்."

புரட்டிப் பார்த்தால் உண்மையிலேயே அங்கேதான் இருந்தது. வலது பக்கம், கீழே, பச்சையில், 'மீள உறிஞ்சுதல்' என்ற தலைப்பின் கீழ்: வடிகட்டியதில் பெரும்பகுதி இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. அந்த வரி எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம், அந்த வரி என்ன சொல்கிறது என்பதுதான் வரவில்லை. எனக்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் தேவைப்படவில்லை.

கோளாறு எங்கே

பார்த்தால் அடையாளம் தெரிவதும், பார்க்காமல் நினைவிலிருந்து எடுப்பதும் இரண்டு தனித்தனி வேலைகள். தினமும் எதிரில் வருகிறவரின் முகம் நன்றாகத் தெரியும், பேர் என்னவென்று கேட்டால் முழிப்போம், அதுபோலத்தான். நான்காம் தடவை படிக்கும்போது வாக்கியங்கள் வழுக்கிக்கொண்டு போகும், அடுத்து என்ன வருமென்று கண்ணுக்கு முன்கூட்டியே தெரியும், மனசு உடனே "இது எனக்குத் தெரியும்" என்று சான்றிதழ் கொடுத்துவிடும். தேர்வு அறையில் புத்தகம் எதிரில் இருக்காதே.

இதை அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனை அப்பட்டமாகக் காட்டுகிறது. மாணவர்களுக்கு ஒரு சிறிய உரைநடைப் பகுதி. ஒரு குழு அதை நான்கு வேளை திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரே வேளை படித்துவிட்டு, அடுத்த மூன்று வேளையும் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவீதம். ஒரு வாரம் கழித்து வேறு மாணவர்களிடம் அதே மாதிரி சோதித்தபோது நிலைமை தலைகீழ்: படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. இதில் நான் மாணவர்களிடம் எப்போதும் சுட்டிக்காட்டுவது அந்த ஐந்து நிமிடக் கணக்கைத்தான். படித்து முடித்த கையோடு பார்த்தால் திரும்பப் படிப்பதுதான் ஜெயிக்கிறது! அதனால்தான் யாரும் அந்தப் பழக்கத்தை விடுவதில்லை. அது கண் முன்னாலேயே பலன் காட்டுகிறது, ஏமாற்றுவது ஒரு வாரம் கழித்துத்தான். தாங்கள் நிறைய நினைவில் வைத்திருப்போம் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்களும் அந்த நான்கு வேளை படித்த குழுதான்.

2013-இல் டன்லோஸ்கி தலைமையில் ஒரு குழு, மாணவர்கள் வழக்கமாகக் கையாளும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அதுவரை வந்த ஆய்வுகளை வைத்து அலசியது. ஹைலைட்டரால் கோடு போடுவது, திரும்பப் படிப்பது, சுருக்கி எழுதுவது இந்த மூன்றுக்கும் 'பயன் குறைவு' என்று மதிப்பிட்டார்கள். தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது இந்த இரண்டுக்கு மட்டும்தான் 'பயன் அதிகம்'. என் மாணவியின் இரண்டேகால் மணி நேரத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முழுக்க முழுக்க முதல் பட்டியல்தான். இரண்டாவது பட்டியலில் இருந்து ஒரு நிமிடம்கூட இல்லை. கோடு போடுவது பாவமென்று நான் சொல்லவில்லை, எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ஆனால் கோடு போட்டு முடித்ததும் படித்து முடித்த நிம்மதி வந்துவிடுகிறது பாருங்கள், சிக்கல் அங்கேதான்.

இன்னொரு கோளாறும் இருந்தது. சிறுநீரகப் பாடத்தைப் படித்த நாளுக்கு அப்புறம் அவள் மறுபடி அதைத் தொடுவது தேர்வுக்கு முந்தின இரவில்தான். நடுவில் இரண்டு மாதம். 1885-இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கு வைத்தார். ஒரு மணி நேரத்தில் அந்த மிச்சம் பாதிக்கும் கீழே போய்விட்டது, ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவு. இணையத்தில் சுற்றுகிற மறதி வளைகோட்டுப் படங்களெல்லாம் இவர் வழி வந்தவைதான், ஆனால் "எதைப் படித்தாலும் ஒரே நாளில் முக்கால்வாசி போய்விடும்" என்று போடுவது அநியாயம். அவர் மனப்பாடம் செய்தது அர்த்தமற்ற அசைகளை. புரிந்து படித்த பாடம் அவ்வளவு வேகமாகக் கரையாது. அதேசமயம் அந்த வளைவின் வடிவம் உண்மைதான், ஆரம்பத்தில் செங்குத்தாக விழுந்து பிறகு மெதுவாகச் சரிகிறது. முதல் சில நாளிலேயே ஒரு தடவை மறுபடி தொட்டுவிட வேண்டும் என்பதற்கு அது போதும்.

வெள்ளைத்தாள்

மாற்றம் என்று முதலில் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு பகுதியை ஒரே ஒரு தடவை, மெதுவாக, 'ஏன்' என்று கேட்டுக்கொண்டே படிப்பது. புத்தகத்தை மூடுவது. வெள்ளைத்தாளில் ஞாபகம் வருவதையெல்லாம் எழுதுவது, வரிசை தப்பினாலும் சரி, பாதி வாக்கியமானாலும் சரி. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதையும் தப்பாக எழுதியதையும் சிவப்பு மையில் சேர்ப்பது. அந்தச் சிவப்பில் இருப்பதுதான் நாளைக்குப் படிக்க வேண்டியது, மற்றதெல்லாம் கையில் இருக்கிறது.

சொல்லச் சுலபமாக இருக்கிறது, முதல் பத்து நாள் நரகம். மூன்று பக்கம் படித்துவிட்டு ஏழு வரிதான் எழுத முடிந்தது, சிவப்பு மை கறுப்பைவிட அதிகம். "அக்கா, பழைய மாதிரி படிச்சப்பவாவது ஏதோ தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, இப்ப எனக்கு ஒண்ணுமே தெரியலன்னு தெரியுது" என்றாள். அந்த வாக்கியத்தின் பின்பாதிதான் எனக்கு வேண்டியிருந்தது, ஆனால் அதை அப்போது அவளிடம் சொன்னால் நோட்டைத் தூக்கி எறிந்திருப்பாள். ராபர்ட் பியார்க் என்ற உளவியலாளர் இந்தக் கஷ்டத்தை வேண்டத்தக்க கடினம் என்கிறார்: நினைவிலிருந்து எடுக்கச் சிரமப்படுகிற அந்த நிமிடத்தில்தான் நினைவு பலப்படுகிறது, சுலபமாக வந்துவிட்டால் அவ்வளவு பலன் இல்லை. அவளிடம் நான் சொன்னது வேறு, இன்னும் இரண்டு வாரம் எனக்காகச் செய், பிடிக்கவில்லையென்றால் ஹைலைட்டருக்கே திரும்பிப் போகலாம் என்று பேரம் பேசினேன்.

'ஏன்' என்ற கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், புரிதலுக்கும் நினைவுக்கும் நடுவில் இருக்கிற இணைப்பு அதுதான். சிறுநீரகத்தின் நுண்குழாயில் ஒரு பகுதியான ஹென்லே வளைவு ஏன் வளைந்து கீழே போய் மேலே வருகிறது, நேராகப் போனால் என்ன? முதலில் அவளுக்கு இந்தக் கேள்வியே விசித்திரமாகப் பட்டது. உடம்பில் அப்படி இருக்கிறது, அவ்வளவுதான் என்றாள். இறங்கும் பகுதியில் தண்ணீர் வெளியே போகும், ஏறும் பகுதியில் உப்பு வெளியே போகும் ஆனால் தண்ணீர் போகாது, இரண்டும் எதிரெதிராக ஓடுவதால் சிறுநீரகத்தின் உள்பகுதி கீழே போகப்போக உப்புச் செறிவு கூடிக்கொண்டே போகிறது, அந்தச் செறிவுதான் கடைசியில் சேகரிப்பு நாளத்திலிருந்து தண்ணீரை இழுக்கிறது. இதைப் படமாகப் போட்டு, அம்புக்குறி ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல வைத்தேன். அன்றைக்கு அரைப்பக்கப் பாடத்துக்கு ஐம்பது நிமிடம் போனது. அந்த அரைப்பக்கத்தை அவள் மறுபடி மனப்பாடம் செய்யவே இல்லை, தேவைப்படவில்லை. பெயர்கள் உதிர்ந்து போகும், காரணம் தெரிந்த பெயர் அவ்வளவு சீக்கிரம் உதிராது.

என் தவறு: இருநூறு அட்டைகள்

மூன்றாவது வாரம் ஃப்ளாஷ் கார்டு ஆரம்பித்தோம். அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் பிரபலமாக்கிய பெட்டி முறை: முதல் பெட்டியிலிருக்கும் அட்டைகளை அடிக்கடி பார்ப்பது, சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், அதை இன்னும் அரிதாகப் பார்ப்பது, தப்பானால் மறுபடி முதல் பெட்டிக்கே வருவது. தெரிந்ததில் நேரம் வீணாகாது, தெரியாதது தப்பிக்காது. நல்ல முறை. அவளுக்கும் பிடித்துவிட்டது, இரண்டே வாரத்தில் இருநூறு அட்டைக்கு மேல் சேர்ந்தது, பெட்டியிலிருந்து பெட்டிக்கு அட்டைகள் பறந்தன. நானும் பூரித்துப் போய்விட்டேன்.

அப்புறம் ஒருநாள் ஓர் அட்டை. கேள்வி: ஆன்டிடையூரெடிக் ஹார்மோன் என்ன செய்கிறது? "சேகரிப்பு நாளத்தில் நீர் மீள உறிஞ்சப்படுவதை அதிகரிக்கிறது", கண்ணிமைக்கும் நேரத்தில் பதில். சும்மா ஒரு சந்தேகத்தில் கேட்டேன், ஒருத்தர் வேகமாக இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டார், இந்த ஹார்மோன் கூடுமா குறையுமா? "கூடும்" என்றாள். ஏன்? "தண்ணி நிறைய இருக்குல்ல, உறிஞ்சணும்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. உடம்பில் தண்ணீர் ஏற்கெனவே அதிகம், அதை வெளியேற்றத்தான் வேண்டும், அதனால் ஹார்மோன் குறையும், சிறுநீர் நீர்த்துப் போகும். அட்டையில் இருந்த வாக்கியம் அவளுக்கு வெறும் ஓசையாகத்தான் ஏறியிருந்தது, கேள்வியின் முதல் இரண்டு சொல்லைப் பார்த்ததுமே பதில் வாயில் வந்துவிடுகிறது, நடுவில் யோசனையே இல்லை. புத்தகத்தில் உருப்போட்டுக்கொண்டிருந்தவளை நான் அட்டையில் உருப்போட வைத்திருக்கிறேன், அவ்வளவுதான் நடந்தது. தப்பு அவளுடையது இல்லை; தன்னைச் சோதித்துக்கொள் என்று சொன்ன நான், எதைச் சோதிப்பது என்று சொல்லவில்லை.

அன்றைக்கே அட்டைகளைப் பிரித்தோம். பெயர், கலைச்சொல், எண், வரையறை இவையெல்லாம் அட்டையிலேயே இருக்கட்டும், அவற்றுக்கு அட்டைதான் சரி. ஒரு செயல்பாட்டை விளக்குவதெல்லாம் அட்டையிலிருந்து வெளியே வந்து வெள்ளைத்தாளுக்குப் போயிற்று. மீதியிருந்தவற்றில் முக்கால்வாசியைச் சூழ்நிலைக் கேள்வியாக மாற்றி எழுதினோம்: தண்ணீர் இல்லாமல் வெயிலில் நடந்தவருக்கு என்ன ஆகும், இந்த ஹார்மோனே சுரக்காதவருக்கு என்ன ஆகும் என்று. இருநூறு அட்டை எண்பதாகச் சுருங்கியது. ஹார்மோனைத் தலைகீழாகச் சொன்ன அந்தத் தவறு மட்டும் அவளுக்கு இன்றுவரை மறக்கவில்லை. உறுதியாக நம்பிச் சொன்ன பதில் தப்பென்று தெரிந்தால், அந்தத் திருத்தம் நன்றாகப் பதிகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. தெரியாமல் முழிப்பதைவிட தைரியமாகத் தப்பாகச் சொல்வது மேல் என்று நான் மாணவர்களிடம் சொல்வது இதனால்தான், திருத்துவதற்குப் பக்கத்திலேயே புத்தகம் இருக்கும்பட்சத்தில்.

இடைவெளி

கால அட்டவணையை நான் ரொம்பச் சிக்கலாக்கவில்லை. ஒரு பாடம் முடிந்தால் மறுநாள் ஒரு தடவை வெள்ளைத்தாள், நான்கு நாள் கழித்து ஒரு தடவை, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு தடவை, பிறகு மூன்று வாரம் கழித்து. ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம்தான். எவ்வளவு இடைவெளி விடலாம் என்பது தேர்வு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. செபெடாவும் அவரோடு சேர்ந்தவர்களும் 2008-இல் வெளியிட்ட பெரிய சோதனையில், ஒரு வாரம் கழித்துத் தேர்வு என்றால் ஒரு நாள் இடைவெளியும், 35 நாள் கழித்து என்றால் 11 நாள் இடைவெளியும், கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து என்றால் மூன்று வார இடைவெளியும் நல்ல பலன் தந்தன. தூரம் கூடினால் இடைவெளியும் கூடலாம். அதற்காக நாள்காட்டியில் துல்லியமாகக் கட்டம் போட்டு, ஒரு நாள் தவறினால் தலையில் கை வைக்க வேண்டியதில்லை. அவள் நடுவில் காய்ச்சலில் ஒரு வாரம் விட்டாள், குடிமுழுகிப் போகவில்லை.

இதில் அவளை ஒத்துக்கொள்ள வைக்கக் கஷ்டமாக இருந்தது வேறு ஒன்று. நான்கு நாள் கழித்து எழுதும்போது பாதி மறந்திருக்கும், "பார்த்தீங்களா அக்கா, பலிக்கல" என்பாள். கொஞ்சம் மறந்த பிறகு எடுப்பதுதான் வேலையே, மறக்காதபோது எடுத்தால் அது பயிற்சி ஆகாது என்று எத்தனை தடவை சொல்லியும் அவளுக்கு மனசு ஆறவில்லை. அந்தத் தாள்களையெல்லாம் தேதி போட்டு அடுக்கி வைத்தோம். ஐந்தாவது வாரம் ஒரே பாடத்தின் நான்கு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பிக் காட்டினேன். முதல் தாள் முழுக்கச் சிவப்பு, நான்காவதில் இரண்டே இரண்டு சிவப்பு வரி. அதற்கப்புறம் நான் சமாதானம் சொல்ல வேண்டி வரவில்லை.

கேள்வியே தப்பு

அவளுக்குத் துணைப்பாடம் இயற்பியல். அங்கே வேறு மாதிரி நோய். ஒரு அத்தியாயம் முடிந்ததும் அந்த அத்தியாயக் கணக்குகள் பதினைந்தையும் வரிசையாகப் போடுவாள், எல்லாம் சரியாக வரும், தேர்வில் அதே மாதிரி கணக்கு வந்தால் கை ஓடாது. காரணத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நாள் ஆயிற்று. ஒரே அத்தியாயத்துக்குள் இருக்கும்போது எந்தச் சூத்திரம் என்று அவள் தேர்ந்தெடுக்கவே இல்லை, அத்தியாயத் தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வில் தலைப்பு இருக்காது.

2007-இல் ரோரர், டெய்லர் இருவரும் கணிதத்தில் இதைச் சோதித்தார்கள். வழக்கத்தில் இல்லாத நான்கு வகைத் திண்ம உருவங்களின் கனஅளவு காண்பது. ஒரே வகையை ஒன்றாகப் போட்டுப் பழகியவர்கள் பயிற்சியில் 89 சதவீதம், எல்லா வகையையும் கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் வகைவகையாகப் போட்டவர்கள் 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள், கலந்து போட்டவர்கள் 63. பயிற்சியில் நன்றாகப் போகிறது என்பதை நம்பிவிடாதே என்பதற்கு எனக்குத் தெரிந்த எண்களில் இதைவிடக் கொடூரமானது இல்லை.

நாங்கள் நான்கு அத்தியாயக் கணக்குகளைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கினோம். ஒரே விதி: கணக்கைப் போடும் முன் "இது எந்த வகை, ஏன்" என்று ஒரு வரி எழுத வேண்டும். இரண்டாவது நாள் வந்த சீட்டு இது: வழவழப்பான சரிவில் 5 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் நழுவி இறங்குகிறது, அடியில் அதன் வேகம் என்ன? இயக்கச் சமன்பாட்டை எழுதினாள், முடுக்கத்துக்குக் கோணம் வேண்டும், தேடினாள், இல்லை. "கோணம் குடுக்கலையேக்கா. கேள்வியே தப்பு." இல்லை, உயரம் மட்டும் போதும் என்றேன். பத்து நிமிடம் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்துவிட்டு ஆற்றல் அழிவின்மைக்கு வந்தாள், மேலே இருக்கும் நிலை ஆற்றல் முழுவதும் கீழே இயக்க ஆற்றல், ஈர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்தால் வேகம் வினாடிக்கு 10 மீட்டர். சரி என்று நான் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து வந்து ஒரு தாளை நீட்டினாள். அதே கணக்கைக் கோணத்தை ஒரு எழுத்தாக வைத்துப் பழைய வழியிலேயே போட்டிருக்கிறாள். முடுக்கத்தில் ஒரு சைன் வருகிறது, சரிவின் நீளத்தில் அதே சைன் கீழே வருகிறது, இரண்டும் அடிபட்டுப் போகிறது, அதே 10. "கோணம் தேவையில்லைன்னு சும்மா சொல்லலக்கா, அதுவே போயிடுது." நான் சொல்லித் தராதது அது. படிப்பு முறை பற்றிய இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த தாள் அதுதான், மதிப்பெண் பட்டியலைவிட.

சின்னச் சின்ன விஷயங்கள்

தூக்கம்: இரவு ஒரு மணி வரை விழித்திருப்பதை நிறுத்தினோம். தூங்கினால் மறதி குறைகிறது என்று 1924-லேயே ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும் காட்டினார்கள், புதுசாக நிரூபிக்க ஒன்றும் இல்லை. "நான் விஷுவல் லேர்னர், எனக்குப் படமா இருந்தாத்தான் ஏறும்" என்று அவள் அடிக்கடி சொல்வாள். ஒவ்வொருவருக்கும் ஒரு கற்றல் பாணி, அதற்கேற்ப கற்பித்தால் நன்றாக வரும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-இல் பாஷ்லரும் மற்றவர்களும் எழுதிவிட்டார்கள், ஆனாலும் அந்த நம்பிக்கை சாகாது போலிருக்கிறது. நான் அவளோடு வாதம் செய்யவில்லை. படம் பிடிக்குமா, சரி, புத்தகத்தை மூடிவிட்டுப் படம் போடு என்றேன்.

பலனும் பலிக்காததும்

இரண்டாம் பருவத்தில் உடலியங்கியல் 34-லிருந்து 67-க்கு வந்தது, இயற்பியல் 58. தோற்ற மூன்று தாள்களில் இரண்டை நன்றாகவே தாண்டிவிட்டாள். படிக்கிற நேரம் ஆறு மணியிலிருந்து நான்குக்குக் குறைந்தது, அவள் அம்மாவுக்கு இதுதான் பயமாக இருந்தது, நேரம் குறைகிறதே என்று.

இதையெல்லாம் அந்த முறைகளின் கணக்கிலேயே எழுதிவிட முடியாது. ஒரே ஒரு மாணவி, ஒரே சமயத்தில் நான்கைந்தை மாற்றினோம், வாரத்துக்கு மூன்று நாள் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தேன். யாரோ தன் தாளைப் பார்க்கப் போகிறார்கள் என்பதே பாதி வேலை செய்திருக்கலாம். ஆனாலும் வெள்ளைத்தாள் இல்லாமல் இது நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தேதி போட்ட அந்தத் தாள்களில் சிவப்பு குறைந்தது நான் பக்கத்தில் இல்லாத நாட்களிலும்தான்.

மூன்றாவது தாள் வேதியியல். 41, ஒப்புக்குத் தேறியது. அதே வெள்ளைத்தாள், அதே இடைவெளி, அதே உழைப்பு, ஆனால் அங்கே ஒன்றும் ஒட்டவில்லை. ஒவ்வொரு தாளிலும் சிவப்பு அப்படியே இருந்தது. இரண்டு மாதம் நான் இடைவெளியை மாற்றினேன், அட்டையை மாற்றினேன், எல்லாம் வீண். நினைவிலிருந்து எடுக்கிற பயிற்சி என்றால் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும், அங்கே முதலில் எதுவும் போகவே இல்லை என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது. கரைசல் செறிவுக் கணக்கில் திக்கிக்கொண்டிருந்தவளிடம் ஒருநாள் "மோல்னா என்ன" என்று கேட்டேன். "அது ஒரு அலகுக்கா." எதனுடைய அலகு? எடை என்றாள், பிறகு இல்லை கனஅளவு என்றாள். பள்ளிக்கூடத்தில் எங்கோ ஓர் இடத்தில் அந்தப் பாடம் அவளைத் தாண்டிப் போயிருக்கிறது, அதன் மேல் மூன்று வருடப் பாடத்தை அடுக்கியிருக்கிறார்கள், நானும் என் பங்குக்கு அட்டைகளை அடுக்கினேன்.

இப்போது கல்லூரிப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கீழிருந்து ஆரம்பித்திருக்கிறோம். டஜன் என்றால் பன்னிரண்டு மாதிரி மோல் என்பது ஓர் எண்ணிக்கை, 6.022-ஐப் பத்தின் 23-ஆம் அடுக்கால் பெருக்கினால் வருவது, எடையோ கனஅளவோ இல்லை. போன வாரம் 18 கிராம் தண்ணீரில் எத்தனை மூலக்கூறு, 9 கிராமில் எத்தனை, அதில் ஹைட்ரஜன் அணு எத்தனை என்று கேட்டேன். முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் இரண்டால் பெருக்க மறந்துவிட்டாள், நான் வாயைத் திறப்பதற்குள் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டாள்.